பத்து மணிக்கு நேரலை

வாயத் திறங்க மாமா. இன்னும் நாலே கரண்டி. திறக்கிறார். கரண்டி உள்ளே போகிறது, பாதிக் கஞ்சி வலது ஓரமாகத் திரும்பி வந்து தாடையில் இறங்குகிறது, நான் துண்டால் ஏந்திக்கொள்கிறேன். ராகிக் கஞ்சி ஆறினால் பசை மாதிரி ஆகித் தொண்டையில் ஒட்டும். சூடாகக் கொடுத்தால் நாக்கு வெந்தாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது. அதனால் ஒவ்வொரு கரண்டியையும் முதலில் என் உதட்டில் வைத்துப் பார்க்கிறேன். மாமனாருக்குக் கொடுக்கும் கரண்டியை மருமகள் உதட்டில் வைப்பதா என்று முதல் நாள் கூசியது. இப்போது கூசவில்லை. வேலையைச் செய்ய வேறு ஆள் இருந்தால்தான் கூச முடியும் போலிருக்கிறது. மணி ஒன்பதரை. பத்துக்கு டிவிக்காரர்கள் வருகிறார்கள். மூத்தார் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன், பூபதி. "அப்பாவத் தொடச்சு வெள்ளை வேட்டி சட்டை போட்டு வெக்கச் சொல்லு, பத்து மணிக்கு லைவ், நாங்க தூக்கிட்டுப் போயி ஹால்ல உக்கார வெச்சுக்கறோம்." என்னிடம் சொன்னதுதான், ஆனால் சுவரைப் பார்த்துச் சொன்னார். தம்பி பெண்டாட்டி முகத்தைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை. நானும் சுவருக்கே தலையாட்டினேன். லைவ் என்றால் நடக்கும்போதே போய்க்கொண்டிருக்குமாம், தப்பாகப் போனாலும் வெட்ட முடியாதாம். இந்த மனுசனுக்கு எப்போது என்ன வரும் என்று இந்த வீட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொல்லலாம். யாரிடம், சுவரிடமா. கட்டிலுக்கு அடியில் பாப்பா கஞ்சிக் குண்டான் மூடியைத் தரையில் தட்டித் தட்டிப் பார்க்கிறாள். தட்டு கண்ணு, தட்டு, அந்த டிவி சத்தம் கேட்காத அளவுக்குத் தட்டு.

ஆனால் கேட்கிறது. ஹாலில் டிவி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மூத்தார் அணைப்பதே இல்லை, அப்பாவைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தெரிய வேண்டுமாம். நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்து கத்துகிறார்கள், நடுவில் ஒருத்தன் அவர்களைவிடப் பெரிதாகக் கத்துகிறான். ஸ்பூன் பிடிக்க முடியாத கையில் துப்பாக்கியா, இதுதான் இன்றைக்குத் தலைப்பு. இந்த ஸ்பூனைப் பிடித்திருக்கிறவள் நான். என்னைக் கேட்டானா. இரண்டு மாதத்துக்கு முன்னால், பக்கவாதம் வந்து சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில், இவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும்போது எவனோ செல்போனில் எடுத்துவிட்டான். வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் நூல் மாதிரி தொங்கி, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. பொத்தானை மாற்றிப் போட்டவள் நான்தான், அவசரத்தில், பாப்பா இடுப்பில் இருந்தாள். அதைத்தான் அறுபது நாளாகப் போடுகிறார்கள். வாயைச் சுற்றிச் சிவப்பு வட்டம், அந்த எச்சில் விழுவதை மெதுவாக்கி, பின்னால் பேய்ப்படத்துச் சங்கீதம். ஒரு டாக்டர் வருவார், கோட்டுப் போட்டவர், நான் இவரைப் பரிசோதித்ததில்லை, ஆனால் வீடியோவைப் பார்த்தால் புத்தி தெளிவாக இருக்க வாய்ப்பில்லை என்பார். பார்க்காத டாக்டர் ஏனய்யா வாயைத் திறக்கிறாய். இன்னொருவர், ரிட்டயர்ட் போலீஸ், மனநிலை சரியில்லாதவர் வீட்டில் ஆயுதம் இருக்கலாமா, உரிமத்தை ரத்து செய்யுங்கள் என்பார். விவசாயிகள் சங்கத்து ஆள் எழுந்து, காட்டுப்பன்னி வந்தா உங்க சட்டப் புத்தகத்தக் காட்டி விரட்டுவீங்களா என்பார். நடுவில் இருப்பவன் சிரிப்பான். ரேஷன் கடை வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் அந்த வாயை அப்படியே கோணிக் காட்டிக்கொண்டார்கள். ஒருத்தி, "இவதான் அந்த வீட்டு மருமக, பேசாத இரு" என்றாள். இன்னொருத்தி, "இவளுக்கும் பேச்சு வராதே" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சர்க்கரைப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு என்ன பதில் தோன்றினாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும், அடுப்பிடம் சொல்லிக்கொள்வேன்.

இவருக்காக எனக்கு என்ன இவ்வளவு ஆத்திரம் என்று எனக்கே விளங்கவில்லை. இவர் எனக்கு என்ன நல்லது செய்தார். செங்காளியப்பன் என்றால் இந்த மலையடிவாரம் முழுக்கத் தெரியும், விவசாயிக்குத் துப்பாக்கி கொடு என்று இருபது வருசம் மேடை மேடையாகப் பேசியவர். இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனார், ஒரு தடவை எம்எல்ஏ ஆனார். பன்றி வந்து போன சோளக்காட்டை நானும் பார்த்திருக்கிறேன். எங்கப்பாவின் மக்காச்சோளம் கதிர் பிடித்திருந்தது, ஒரே ராத்திரியில் ரோலர் ஓட்டின மாதிரி படுத்துவிட்டது. எங்கப்பா வரப்பில் உட்கார்ந்து மண்ணை எடுத்துத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். அதனால் சங்கத்து ஆள் கத்தும்போது எனக்கு அதுவும் நிஜம்தான் என்று படுகிறது. இந்தப் பக்கம் எங்கக்கா. வளர்மதி. பதினோரு வருசம் முந்தி, விடிவதற்கு முன்னால் கருவேலங்காட்டுப் பக்கம் ஒதுங்கப் போனவள், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள், கருப்புச் சேலை, பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டான். நாட்டுத் துப்பாக்கி, ஒரு குண்டு இல்லை, ஈயச் சில்லு முப்பது நாப்பது, இடுப்பிலும் தொடையிலும். பதினேழு சில்லை எடுத்தார்கள், மிச்சம் உள்ளேதான் இருக்கிறது, மழைக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும், இடுப்பு சொல்லும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைக் கோயில் திடலில் கொண்டுவந்து போட்டுவிட்டால் கேஸ் இல்லை என்று அந்த மாதம் போலீஸ் தண்டோரா போட்டிருந்தது. மறுநாள் காலையில் திடலில் ஏழு துப்பாக்கி கிடந்தது. அதில் எது என்று யாருக்கும் தெரியாது, எவன் என்று எல்லாருக்கும் தெரியும். ஸ்டேஷனில் எங்கப்பாவிடம், உம்பொண்ணு அந்நேரத்துக்கு அங்க என்னய்யா பண்ணுச்சு என்று கேட்டார்கள். எங்கப்பாவுக்கு வாயில் வரவில்லை. நானும் வாய் வராத சாதிதான். அக்காவைத் தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும் என்று என்னை ஏழாவதோடு நிறுத்தினார்கள். நாலு மாதம் கழித்து இவர் எங்களூருக்குப் பேச வந்தார். வெள்ளை வேட்டி, முறுக்கின மீசை, மைக்கைப் பிடித்தால் விடாத கை. "நூறு பேர் கையில துப்பாக்கி இருந்தா ஒண்ணு ரெண்டு தப்பு நடக்கத்தான் செய்யும். அதுக்காக வெள்ளாமையப் பன்னிக்கு எழுதிக் குடுத்தர முடியுமா?" சனம் கைதட்டியது. எங்கப்பாவும் தட்டினார். நான் பார்த்தேன். தட்டிவிட்டு என்னைப் பார்த்து, கையை மடியில் வைத்துக்கொண்டார். பல வருசம் கழித்து அதே வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது தலைவர் வீட்டுச் சம்பந்தம் என்று எங்கப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காதான் எனக்குப் பூ வைத்துவிட்டாள், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு. இவருக்கு நான் யார் தங்கை என்று தெரியுமா, தெரியாதா. மூணு வருசமாக இந்த வீட்டில் சோறு போடும்போதெல்லாம் நான் நினைத்தது அது ஒன்றுதான்.

துப்பாக்கி மூலையில் நிற்கிறது. மூத்தார் பீரோவிலிருந்து எடுத்துத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார், மருந்து போடலை, வெறுங்குழல்தான் என்றார், அதையும் சுவரிடம். நான் பாப்பா போக முடியாதபடி முக்காலியைக் குறுக்கே போட்டிருக்கிறேன். ஹாலில் உட்கார வைத்து மடியில் இதைப் படுக்க வைப்பார்களாம், விளங்காத வலது கைக்கு அடியில் தலையணை கொடுத்துச் சால்வையால் மூடிவிடுவார்களாம். சிங்கம் இன்னும் சாகலைன்னு காட்டணும் என்கிறார். அப்பாவைக் காட்டாமல் இருந்தால் அடுத்த எலெக்‌ஷனுக்கு அப்பா நின்ற தொகுதி வேறு யாருக்கோ போய்விடும், தனக்கு வராது, அதுதான் மூத்தாருடைய கவலை. காலையில் அவரே வந்து அப்பாவின் மீசைக்கு டை அடித்துவிட்டுப் போனார். இத்தனை நாளில் அவர் அப்பாவைத் தொட்டது இன்றைக்குத்தான். ஐந்து நிமிசம் ஊற வேண்டிய டை, எச்சில் அதற்கு முன்னால் வந்துவிட்டது, கடைவாயிலிருந்து கழுத்து வரை கருப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கிறது. துடைக்கத் துடைக்கப் பரவுகிறது. சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன், தோல் சிவக்கிறது, கருப்பு போகவில்லை. வலிக்குதுங்களா மாமா. சிரிக்கிறார். இதுதான். இதைத்தான் நான் சொல்ல வேண்டும். வலித்தால் சிரிக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து இவரை வீட்டுக்குக் கூட்டி வந்த மூணாவது வாரம் அது. துண்டை நனைத்து முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் அந்தப் பக்கம், என் முகம் இந்தப் பக்கம், அதனால்தான் வாய் வந்தது. "மாமா, அந்த ஒண்ணு ரெண்டுல ஒண்ணு எங்கக்கா" என்றேன். பதினோரு வருசம் நெஞ்சுக்குள் வைத்திருந்தது, சொன்னபோது ஏழு வார்த்தைகூட இல்லை. அவர் சிரித்தார். ஹெ ஹெ ஹெ என்று, வாயைத் திறந்து, தோள் குலுங்க. எனக்குக் கண் இருண்டுவிட்டது. துண்டை முறுக்கித் தோளில் அடித்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. மூணாவதுக்கு ஓங்கும்போது முன்னால் போய்ப் பார்த்தேன், வாய் சிரித்துக்கொண்டிருந்தது, கண்ணிரண்டிலும் தாரை தாரையாகத் தண்ணீர். அப்போதுதான் ஆஸ்பத்திரி நினைவு வந்தது. வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு அந்தச் சின்ன டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சிரிப்பும் அழுகையும் இவருக்கு இடம் மாறி வரும்மா, துக்கம் வந்தா சிரிப்பாரு, அது அவரு கையில இல்ல, வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிருங்க" என்றார். மூத்தார் அந்நேரம் வாசலில் மைக்குகளுக்கு நடுவே அப்பா நலமாக இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன், லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு கோழிக்கோட்டில் இருந்தார், "எல்லாம் சரியாயிரும், அண்ணன் சொல்றதக் கேளு" என்றார். அதோடு விட்டேன். விட்டதற்கு அது மட்டும் காரணமா. அன்றைக்கு அவர் அழுதது எங்கக்காவுக்கா, துண்டால் அடித்த வலிக்கா. அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. இன்னொரு தடவை சொல்லி, சிரிக்கிறாரா என்று பார்க்கலாமா என்று தோன்றியிருக்கிறது. அடிக்காமல் சொல்லிப் பார்க்கலாம். சொல்லவில்லை. சிரிக்காவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

இப்போது இப்படி யோசனை போகிறது. மூணு நாளைக்கு முன்னால் பக்கத்து ஊரில் இதே மாதிரி ஒருத்தர் செத்துப்போனார், தண்ணீர் பாய்ச்சப் போன கூலிக்காரர், பன்றி என்று சுட்டுவிட்டார்கள். டிவி முழுக்க அதுதான். வருகிறவர்கள் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள். கேட்டால் இவருக்குத் துக்கம் வரும், வராது என்று சொல்ல மாட்டேன், கெட்டவர்தான், கல் இல்லை. துக்கம் வந்தால் சிரிப்பார். மடியில் துப்பாக்கி, செத்தவன் பேரைச் சொன்னதும் ஹெ ஹெ ஹெ. அதற்குப் பிறகு அந்த எச்சில் படத்தைப் போட மாட்டார்கள், இதைத்தான் போடுவார்கள், இவர் செத்த அன்றைக்கும் போடுவார்கள். சரி, போடட்டுமே. எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், துளசிமணி, போடட்டுமே. எங்கக்கா பார்க்கட்டும், எங்கப்பா பார்க்கட்டும், கைதட்டின அத்தனை பேரும் பார்க்கட்டும். இனி எவனும் இந்தப் பக்கம் துப்பாக்கி லைசென்ஸ் என்று மேடை போட மாட்டான். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், வேட்டியைக் கட்டிவிட்டு, சட்டையை மாட்டி, இந்தத் தடவை பொத்தானைச் சரியாகப் போட்டு, சும்மா நின்றால் போதும். சும்மா நிற்பதுதான் எனக்கு நன்றாக வருமே. கை பொத்தானைப் போடுகிறது. ஒன்று. இரண்டு. இதில் அந்தச் செத்தவர் வீட்டுப் பெண் எங்கே இருக்கிறாள். அவளும் பார்ப்பாள். அவளிடம் யார் போய்ச் சொல்வார்கள், அம்மா, அது சிரிப்பு இல்லை என்று. கோட்டுப் போட்ட டாக்டரா. மூணாவது பொத்தான் துளைக்குள் போக மாட்டேன் என்கிறது, அவர் இடது கையால் என் விரலைப் பிடிக்கிறார், தள்ளிவிடவா, உதவவா, தெரியவில்லை, நகம் வளர்ந்திருக்கிறது, வெட்ட வேண்டும்.

வண்டிச் சத்தம். இந்த அறை ஜன்னல் வாசல் பக்கம்தான், கொசுவுக்குப் பயந்து பலகை சாத்தியிருக்கிறது, வெளியே பேசுவது காதுக்குள் பேசுவது மாதிரி கேட்கும். ஒரு பெண் குரல், என் வயசு இருக்கும், ஒப்பிக்கிற மாதிரி சொல்லிப் பார்க்கிறாள். "ஐயா, மூணு நாளுக்கு முன்னாடி இறந்தவரோட குடும்பத்துக்கு நீங்க என்ன சொல்ல விரும்புறீங்க... என்ன சொல்ல விரும்புறீங்க ஐயா... அண்ணா, சொல்ல விரும்புறீங்கவா, பதில் சொல்லுங்கன்னு கேக்கவா?" ஆண் குரல் ஒன்று, கொஞ்சம் வயசான குரல், சொல்கிறது, "எப்படி வேணா கேளும்மா. அவரு பதில் சொல்லப் போறதில்ல. நான் கேமராவ அவரு மூஞ்சியிலயே டைட்டா வெச்சுக்கறேன், ஆபீஸ்ல அதுதான் கேக்கறாங்க." அவள் சரிண்ணா என்று மறுபடியும் ஒப்பிக்கிறாள். எனக்குக் காது சுடுகிறது. அது என் கேள்வி. பதினோரு வருசம் நான் வைத்திருந்த கேள்வி, துடைத்துக்கொண்டும் ஊட்டிக்கொண்டும் வைத்திருந்தது, ஒரு தடவைதான் வாயில் வந்தது, அதற்கும் துண்டால் அடித்தேன். இவள் வண்டியில் வரும்போது மனப்பாடம் செய்திருக்கிறாள். பதில் வேண்டாமாம், மூஞ்சி போதுமாம். இந்த மூஞ்சியில் எந்த ஓரம் வழியும் என்று உனக்குத் தெரியுமா. இவரை வைவதாக இருந்தால் நான் வைவேன். எனக்கு முறை இருக்கிறது. உனக்கு என்ன இருக்கிறது.

"துளசி, ஆச்சா?" ஹாலிலிருந்து மூத்தார். "தூக்கறதுக்கு ஆளுங்க வர்றாங்க." பாப்பாவைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன், மூடியை விடமாட்டேன் என்று முறுக்கினாள். இந்த அறைக்கு ஒரே கதவு. நிலைப்படியில் போய்க் குறுக்கே உட்கார்ந்தேன், முதுகு ஒரு நிலையில், பாதம் எதிர் நிலையில். பாப்பாவை மடியில் போட்டு ஜாக்கெட்டை அவிழ்த்தேன். பாப்பாவுக்குப் பசியில்லை, எட்டு மணிக்குத்தான் இரண்டு இட்லி தின்றாள், என்னைப் பார்த்து இதென்ன புதுசா என்கிற மாதிரி முழித்தாள். பால் கொடுப்பதென்றால் அறைக் கதவைத் தாழ் போட்டு, அதற்குள் சுவரைப் பார்த்து உட்கார்கிறவள் நான். உடம்பெல்லாம் காந்துகிறது, கழுத்து, காது, எல்லாம். முந்தானையை இழுத்து மூடத்தான் கை போனது. மூடினால் நகரு என்பார்கள். மூடவில்லை.

மூத்தார் இரண்டு ஆட்களோடு வந்தவர் சடாரென்று திரும்பிக்கொண்டார். ஆட்களும் திரும்பிக்கொண்டார்கள். மூணு முதுகு. "ஏம்மா, இது என்ன நேரத்துல? உள்ள போ!" என்றார் டிவியைப் பார்த்து.

"பாப்பா அழுகுதுங்க" என்றேன். பாப்பா அழவில்லை.

"உள்ள போயிக் குடுக்கறதுக்கென்ன?"

"இங்கதானுங்க காத்து வருது."

மூத்தாருடன் நான் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னைத் தாண்ட வேண்டுமானால் என்னைப் பார்க்க வேண்டும், பார்க்க முடியாது. கேமராக்காரர் தோளில் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார், வெளிச்சம் என் மேல் விழுந்தது, ஒரு விநாடிதான், கேமராவைக் கீழே இறக்கித் தரையைப் பார்த்தார். "தங்கச்சி பால் குடுக்குதுங்க" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். மைக் வைத்திருந்த பெண் மட்டும் வந்தாள். வியர்த்திருந்தாள், காதில் வயர், அதற்குள் யாரோ அவளைத் திட்டுவது எனக்கே கேட்டது.

"அக்கா, இன்னும் ரெண்டு நிமிசத்துல லைவுக்கா. கொஞ்சம் நகந்துக்குறீங்களா, ப்ளீஸ்?"

"குடிச்சு முடிக்கட்டும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அதுகிட்டயே கேளு."

அவள் பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா குடிக்கவில்லை, என் தாலியைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளும் பெண்தான், குடிக்கிற பிள்ளையும் குடிக்காத பிள்ளையும் அவளுக்குத் தெரியாதா. பைக்குள்ளிருந்து தன் செல்போனை எடுத்தாள். "சரிக்கா, நானே போன்ல எடுத்துக்கறேன், ஒரே ஒரு ஷாட்டு, இப்படியே உங்க தலைக்கு மேல..."

"எடு" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. "எடுத்தா நானும் இப்படியேதான் வருவேன். லைவுன்னா வெட்ட முடியாதாமே. உங்க ஆபீஸ்ல கேளு, போடறாங்களான்னு."

போனைப் பிடித்த கை பாதியில் நின்றது. அவள் முகம் கோணியது, அழப்போகிற மாதிரி. "என் வேலையே போயிரும்க்கா" என்றாள் மெதுவாக. போகட்டும் என்றுதான் நினைத்தேன். நான் அவளுக்கு நல்லவளாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மூத்தார் முதுகைக் காட்டிக்கொண்டே, "தம்பி வரட்டும், உன்னப் பேசிக்கறேன்" என்றார். அதுவும் நடக்கும். எங்கப்பாவைக் கூப்பிட்டு விடுவார்கள், அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

ஹால் டிவியில் நடுவில் உட்கார்ந்திருப்பவன் சொன்னான், செங்காளியப்பன் வீட்டிலிருந்து நேரலையில் இணைகிறார் நம் செய்தியாளர், இறந்துபோன கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு அவர் சொல்லப்போகும் பதில் என்ன. வீடு முழுக்கக் கேட்டது. அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு ஆரம்பித்தது, முதலில் மெல்ல, பிறகு பெரிதாக, ஹெ ஹெ ஹெ என்று. என் முதுகுத்தண்டு நிமிர்ந்துகொண்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால் நிலைப்படியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடம் விழும்.

மைக் பெண்ணின் கண் விரிந்தது. கழுத்தை நீட்டினாள். "அக்கா, யாருக்கா உள்ள சிரிக்கிறது?"

"யாரும் சிரிக்கல" என்றேன். பாப்பாவைத் தூக்கி மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.